தண்ணீர் குடிக்க வந்தவள்

ஆகஸ்ட் 5, திங்கள்

யாரோ என் தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

காலைப் பலகாரம் முடிந்து பெண்கள் வேலைக்குக் கிளம்பியதும், இரண்டாம் மாடி ஃபில்டரில் பெரிய எவர்சில்வர் ஜக் நிறையப் பிடித்து வந்து கட்டில் பக்கத்தில் வைத்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சற்றே கண் அசந்தேன். எழுந்து பார்த்தால் ஜக் காலி. கட்டிலிலிருந்து கதவு வரை தரையில் ஈரம் வேறு.

பீளமேட்டில் இந்த மகளிர் ஹாஸ்டலுக்கு நான் வார்டனாகி வருஷம் இருபது ஆகிறது. யார் தயிரை யார் எடுத்தார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். தண்ணீர் திருடுகிறவளை மட்டும் இதுவரை பார்த்ததில்லை. ஒரு ஜக் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிற வயிறு இங்கே எவளுக்கு இருக்கிறது? இதுகள் இட்லியையே இரண்டோடு நிறுத்திக்கொள்ளும்.

பகலில் என் கதவைத் தாழிடுவதில்லை. வார்டன் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது நானே போட்ட சட்டம். நாளைக்கும் திறந்தே வைத்து, தூங்குவது போல் கிடந்து கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன்.

மோட்டார் ரிப்பேர்க்காரன் வரவில்லை. மாவு புளித்துவிட்டது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தூங்குவது போல் கிடந்தேன். தூங்கிவிட்டேன். ஜக் காலி.

ஆகஸ்ட் 10, சனி

பார்லர் ஷோபாவிடம் போய்விட்டு வந்தேன். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வருகிறது. என் கொண்டையைப் பார்த்துத்தான் இந்த ஹாஸ்டலில் பாதிப் பேர் பயப்படுகிறார்கள்; அது சிறுத்துப் போனால் யார் மதிப்பார்கள்? கொண்டைக்கு உள்ளே வலையால் செய்த பந்து ஒன்று வைத்துக் கட்டுவது எனக்கும் ஷோபாவுக்கும் மட்டும் தெரியும்.

அவள் கொடுத்த ஆரஞ்சு நிற மாத்திரை டப்பா முடிந்ததால் புதிது வாங்கினேன். தினம் ஒன்று என்றாள். நான் இரண்டாகப் போடுகிறேன். மாத்திரை என்று எழுதுவதே தவறு. "இது மருந்தில்லீங்க, முடிக்குச் சாப்பாடு" என்று ஷோபா சொல்லித்தான் கொடுத்தாள். மருந்து மாத்திரை போடுகிற ஆள் நான் இல்லை. தலைவலிக்குத் தைலம்கூடத் தடவ மாட்டேன்.

இடுப்பு வலிக்கிறது. மலச்சிக்கல். வயதாகிறதாம், ஷோபா சொல்கிறாள். ஐம்பத்தாறு ஒரு வயதா?

ஆகஸ்ட் 14, புதன்

மாடியில் பேய் என்று ஒரு கதை கிளம்பியிருக்கிறது. கீர்த்தனா காய்ச்சல் என்று லீவு போட்டு அறையில் படுத்திருந்தாளாம். உச்சி நேரத்தில் ஃபில்டர் பக்கம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறாள். யாரோ குழாயடியில் குனிந்து நின்று தம்ளர் தம்ளராகக் குடித்துக்கொண்டிருந்தார்களாம்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது எல்லோர் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டேன். பேய்க்கு எதற்கு ஃபில்டர் தண்ணீர், போர் தண்ணீர் ஆகாதா என்று கேட்டேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

எப்படி இருந்தாள் என்று கேட்டேன்.

"பாட்டி மாதிரி இருந்தாங்க மேடம்" என்றாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன். அதற்கப்புறம் கீர்த்தனா தலையைத் தூக்கவே இல்லை. எல்லோரும் சாம்பாரையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

இதுகள் எதையோ மறைக்கிறதுகள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடி ஏற்றினோம். மிட்டாய் கொடுத்தோம். ஜக் காலி.

ஆகஸ்ட் 21, புதன்

எழுதக் கை வரவில்லை. விடிந்ததும் இடது விலாவுக்குக் கீழே கத்தி வைத்துத் திருகியது போல ஒரு வலி. சமையல்கார மாராத்தாள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கிட்னியில் கல்லாம். ரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மேல் இருக்கிறதாம். சுரப்பி டாக்டரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கே ஒரு நர்ஸோடு சண்டை. உயரம் அளக்கிற கம்பத்தில் என்னை நிறுத்தி ஐந்தடி ஒன்று என்று எழுதினாள். நான் ஐந்தடி நாலு. கல்யாணத்துக்குப் பார்த்தபோது மாப்பிள்ளையைவிடப் பெண் உயரம் என்று இரண்டு இடம் தட்டிப் போயிருக்கிறது. கடைசியில் எந்த இடமும் அமையாமலே போயிற்று, அது வேறு கதை. கம்பத்தைச் சரியாக மாட்டத் தெரியாத ஆஸ்பத்திரி என்ன ஆஸ்பத்திரி?

ஆகஸ்ட் 27, செவ்வாய்

சுரப்பி டாக்டர் மெஹருன்னிசா. உக்கடத்துப் பெண். சின்ன வயசு, ஆனால் அவசரப்படாமல் பேசுகிறாள். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பயறு அளவுக்கு நாலு சுரப்பி இருக்குமாம். பாராதைராய்டு என்று பேர். ரத்தத்தில் கால்சியம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற வேலை அவற்றுடையது. அதில் ஒன்று வேலைமீறிச் சுரக்க ஆரம்பித்தால் எலும்பில் இருக்கிற கால்சியத்தையெல்லாம் உருவி ரத்தத்தில் கொட்டிவிடுமாம். எலும்பு தேயும், கல் வரும். எனக்கு அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது, அது சுரக்கிற ஹார்மோன் அளவைப் பார்த்துவிடலாம் என்றாள்.

மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டாள். ஒன்றும் கிடையாது என்று இரண்டு தடவையும் சொன்னேன்.

தாகம் எடுக்கிறதா என்றும் கேட்டாள். இல்லை என்றேன். எனக்கு எங்கே தாகம்? என் தண்ணீரைத்தான் வேறு யாரோ குடித்துவிடுகிறார்களே.

செப்டம்பர் 2, திங்கள்

ரிசல்ட் வந்தது. கால்சியம் முன்பைவிட ஏறியிருக்கிறது. அந்த ஹார்மோனோ கீழே, கீழே என்றால் கிட்டத்தட்ட இல்லை என்கிற அளவில். தைராய்டு கணக்கும் ஏதோ கோணலாக இருக்கிறதாம். ஆனால் அதற்கான அறிகுறி என்னிடம் ஒன்றும் காணோமாம்.

நல்லதுதானே என்றேன். அவள் நல்லது என்று சொல்லவில்லை. சுரப்பி வாயை மூடிக்கொண்டு இருக்கிறது என்றால் கால்சியத்தை வேறு எதுவோ ஏற்றுகிறது என்று அர்த்தமாம். அந்த வேறு எதுவோ பெரும்பாலும் உடம்பில் எங்கேயாவது ஒளிந்திருக்கிற கட்டியாம். தேடிப் பார்க்க வேண்டும் என்றாள். கேன்சர் என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. நானே கேட்டேன். இருக்கலாம் என்பது போல் தலையை ஆட்டினாள்.

பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அழுதேன். இருபது வருஷமாக எவள் முன்னாலும் அழுததில்லை. பக்கத்தில் இருந்த பூக்காரம்மா ஒன்றும் கேட்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்ல பொம்பளை.

செப்டம்பர் 3, செவ்வாய்

யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 7, சனி

நெஞ்சு, வயிறு இரண்டையும் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. பெருமூச்சு விட்டேன். டாக்டர் விடவில்லை. கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது, இன்னும் தேட வேண்டும் என்கிறாள்.

திரும்பி வந்து நானும் தேடினேன். பிள்ளையார் சதுர்த்திக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டதால் ஹாஸ்டல் வெறிச்சென்று கிடந்தது. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், மொட்டைமாடித் தொட்டிக்குப் பின்னால், பாத்திரம் போடுகிற அறையில், எல்லா இடத்திலும் பார்த்தேன். வெளியாள் ஒருத்தி பகலில் இங்கே வந்து போகிறாள் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. மேல்மாடி வராந்தாவில் என் செருப்பு கிடந்தது. நான் அங்கே செருப்போடு போவதே இல்லை.

கொழுக்கட்டைக்கு வெல்லம் பற்றவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

மாராத்தாளை நேருக்கு நேர் கேட்டேன். பகல் முழுக்கச் சமையல் கட்டில் இருப்பவள் அவள் ஒருத்திதான். என் வயசுக்காரி, பொய் பேச வராது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"வர்றாங்க வார்டனம்மா. ஒரு வயசானவிய. மத்தியானமா வந்து தண்ணி கேப்பாங்க. குடுப்பனுங்க. குடிச்சுப்போட்டுப் போயிருவாங்க" என்றாள்.

என் வாசலைத் தாண்டி ஒருத்தி வந்து போகிறாள், இவள் அதை என்னிடம் சொல்லவில்லை! யார், எந்த ஊர், யாருக்கு வேண்டியவள் என்று கேட்டேன். தெரியாது என்றாள். பாவம், ரூமுக்கு வழி தெரியாமல் நிற்பாள், கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன் என்றாள்.

எந்த ரூமுக்கு என்று கேட்டேன். குழம்பு அடிப்பிடிக்கிறது என்று திரும்பிக்கொண்டாள். அடுப்பே பற்றவைக்கவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

பார்த்துவிட்டேன்.

வராந்தா கேமராவை ஆபீஸ் ரூம் டிவியில் போட்டுப் பார்த்தேன். நேற்று மதியம். ஃபில்டர் முன்னால் நிற்கிறாள். குள்ளம். முதுகு கூன் விழுந்திருக்கிறது. தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது. முடி என்றா சொல்வது, தேங்காய் நார் அதைவிட அடர்த்தியாக இருக்கும். மேல்பக்கக் கேமரா என்பதால் முகம் தெரியவில்லை. ஒரு தம்ளர், இன்னொரு தம்ளர், இன்னொன்று. குடித்து முடித்ததும் சுவரைத் தொட்டுத் தொட்டுக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாதவள் மாதிரி ஒவ்வொரு கதவாக நின்று பார்க்கிறாள்.

இன்னொன்றும் பார்த்தேன். அவள் போட்டிருப்பது என் பச்சைப் பூப்போட்ட நைட்டி. கொடியிலிருந்து எடுத்திருக்கிறாள். ஓடிப்போய்க் கொடியில் பார்த்தேன், இல்லை. தேடிக்கொண்டு அறைக்கு வந்தால், நான் அதைத்தான் உடுத்திக்கொண்டு நிற்கிறேன். எப்போது கொண்டுவந்து வைத்தாள், நான் எப்போது எடுத்து உடுத்தினேன்? கீழ் ஓரம் ஈரமாக இருந்தது. கழற்றி வாளியில் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 14, சனி

அவளிடம் பேர் கேட்டு வைக்கும்படி மாராத்தாளிடம் சொல்லியிருந்தேன். இன்றைக்குக் கேட்டிருக்கிறாள். சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பேரு தேனுன்னு சொன்னாங்க."

என் பேர் நாகமணி. ரேஷன் கார்டில் அதுதான், சர்டிபிகேட்டில் அதுதான், இந்த ஹாஸ்டலில் எல்லோருக்கும் அதுதான். தேனு என்று என்னைக் கூப்பிட்டவர் ஒரே ஒருவர், என் அப்பா. அவர் போய் முப்பது வருஷம் ஆகிறது. தம்பிக்குக்கூட அது நினைவிருக்காது.

அந்தக் கிழவிக்கு எப்படித் தெரியும்?

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. இன்றிலிருந்து ஹாஸ்டலில் முட்டை கிடையாது. வழக்கம்போல் முனகல். வழக்கம்போல் நான் காதில் வாங்கவில்லை. எங்கள் வீட்டில் பெருமாளுக்கென்று இந்த ஒரு மாதம் கவிச்சி வாசமே ஆகாது. அப்பா காலத்திலிருந்து அப்படி.

ஸ்டோரில் இருக்கிற பிஸ்கட், கேக், சூப் பொட்டலம் எல்லாவற்றிலும் மூலையில் அசைவக் குறி இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கிவைத்தேன். அதே கையோடு என் அலமாரிக்கும் வந்தேன். ஷோபா கொடுத்த டப்பாவில் அந்தக் குறி! பெருமாளே. கீர்த்தனாவைக் கூப்பிட்டு, யாருடையது என்று சொல்லாமல், படித்துக் காட்டச் சொன்னேன். மாத்திரையின் மேல்தோல் மாட்டெலும்பிலிருந்தோ எதிலிருந்தோ செய்கிற ஜெலட்டினாம். டப்பாவைத் துணியில் சுற்றி அடித்தட்டில் போட்டுவிட்டேன். ஒரு மாதத்துக்கு முடியைப் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 20, வெள்ளி

ஹாஸ்டல் முதலாளி பொன்னுசாமி அண்ணன் வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஹாஸ்டலில் என்ன நடக்கிறது என்று பெண்களின் வீட்டிலிருந்து போன் வருகிறதாம். "கொஞ்ச நாளைக்குத் தம்பி வீட்டுல போய் இருந்துட்டு வாங்க நாகமணி. அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

அப்புறம் பார்த்துக்கொள்ள ஒன்றும் இருக்காது என்பது எனக்குத் தெரியும். உடுமலையில் தம்பி வீட்டில் ஹாலில் ஒரு பெஞ்சு காலியாக இருக்கும், அவ்வளவுதான். எனக்கென்று கதவு வைத்த இடம் உலகத்தில் இந்த அறை ஒன்றுதான். ஒரு கிழவிக்காக இதை விட முடியாது. மாத முடிவுக்குள் அவளைப் பிடித்துத் தருகிறேன் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை.

செப்டம்பர் 25, புதன்

எந்த ஊர் பஸ்ஸில் ஏறினேன் என்று தெரியவில்லை. சிங்காநல்லூரில் இறங்கி நின்றேன். யாரோ போனில் சொல்லி மாராத்தாள் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பத்தைச் சுற்றி இருக்க வேண்டிய கால்சியம் பதின்மூன்றரையைத் தாண்டிவிட்டதாம். டாக்டர் உடனே அட்மிட் செய்துவிட்டாள். குளுக்கோஸ் பாட்டில் மாதிரி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அடுத்த வாரம் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்க்கப்போகிறார்களாம். அதற்கு முன்னால் எல்லா டெஸ்ட்டையும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று ரத்தம் எடுத்தார்கள்.

சாகப் போகிறேனா என்று கேட்டேன். "எனக்கு இன்னும் புரியலைங்க. புரியாம நான் எதையும் சொல்ல மாட்டேன்" என்றாள். எனக்கு அவளைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

செப்டம்பர் 26, வியாழன்

அவள் இங்கேயும் வந்துவிட்டாள். கட்டில் பக்கத்துத் தண்ணீர் பாட்டில் காலி.

செப்டம்பர் 28, சனி

புரட்டாசிச் சனிக்கிழமை. ஆஸ்பத்திரி ரசம் சாதம். மனசுக்குள்ளேயே கோவிந்தா சொன்னேன்.

டாக்டர் காலையில் ஓட்டமாக வந்தாள். அந்த ஹார்மோன் இந்த முறை இருநூறைத் தாண்டியிருக்கிறதாம். போன தடவை இல்லாத ஒன்று இப்போது இருக்க வேண்டியதைவிட மூன்று மடங்கு. லேபில் யாரோ ட்யூபை மாற்றிவிட்டார்கள், இது வேறு யாருடைய ரத்தமோ என்று சந்தேகப்பட்டு, மறுபடியும் அவளே பக்கத்தில் நின்று எடுக்க வைத்தாள்.

வேறு யாருடைய ரத்தம் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அவள் என் நைட்டியைப் போட்டுக்கொண்டாள், என் பேரை எடுத்துக்கொண்டாள், இப்போது எனக்கு நீட்டிய ஊசிக்குக் கையையும் கொடுத்திருக்கிறாள்.

செப்டம்பர் 30, திங்கள்

இதை முழுசாக எழுத வேண்டும்.

மறுபடி எடுத்த ரத்தத்திலும் இருநூறுக்கு மேல். டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் ரிசல்ட்டும் உங்களுடையதுதான், இதுவும் உங்களுடையதுதான், நடுவில் என்ன மாறியது என்று கேட்டாள். ஒன்றும் மாறவில்லை என்றேன். மருந்து மாத்திரை எதையாவது புதிதாகத் தொடங்கினீர்களா, நிறுத்தினீர்களா? இல்லவே இல்லை. அவள் சிரித்தாள்.

"எங்க தெருவுல பிரியாணிக் கடையெல்லாம் இந்த மாசம் காத்தாடுதுங்க. நீங்க புரட்டாசிக்கு என்னென்ன விட்டீங்க?"

இப்படிக் கேட்டால் சொல்லத் தெரியும். கறி, மீன், முட்டை, கடைக் கேக், சூப் பொட்டலம். அப்புறம் வாய் தானாக, "அந்த ஆரஞ்சு டப்பா" என்றது. எந்த டப்பா என்றாள். கொண்டையைத் தொட்டுக்கொண்டேன். அங்கே கொண்டையே இல்லை. ஆஸ்பத்திரியில் வலைப்பந்தை எடுத்துவிட்டார்கள், ஐந்து நாளாக எலிவால் தொங்குகிறது. இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தினம் இரண்டு, மார்ச்சிலிருந்து.

அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"அதுல பயோட்டின்னு ஒரு வைட்டமின் இருக்குதுங்க. அந்த ஹார்மோனை அளக்குற டெஸ்ட்டுலயும் அதே வைட்டமினைத்தான் பசை மாதிரி வெச்சிருப்பாங்க. உங்க ரத்தத்துலயே அது நிறையக் கலந்திருந்தா டெஸ்ட் ஏமாந்துடும். ஹார்மோன் எக்கச்சக்கமா இருந்தாலும் இல்லைன்னு காட்டும். தைராய்டு கணக்கு கோணலா வந்ததும் அதனாலதான். அப்பவே நான் யோசிச்சிருக்கணும்."

அப்படியானால் அந்தக் கட்டி என்னவாயிற்று என்று கேட்டேன். ஒளிந்திருக்கிற கேன்சர் எதுவும் இருக்க வாய்ப்பில்லை, முதல் நாள் நினைத்ததேதான், கழுத்தில் இருக்கிற சுரப்பிதான் என்றாள். மஜ்ஜை ஊசியும் வேண்டாமாம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மருந்தில்லை, முடிக்குச் சாப்பாடு! ஷோபா தலையில் இடி விழ. இல்லை, விழ வேண்டாம். இரண்டாகப் போட்டது நான்தான்.

போகும்போது கதவுப் பக்கம் நின்று ஒன்று கேட்டாள். கால்சியம் இவ்வளவு ஏறினால் தாகம் தாங்காதாம், மனசு குழம்பிப் போகுமாம், செய்வது நினைவிலேயே நிற்காதாம். உங்களுக்கு அப்படி ஏதாவது நடந்ததா என்றாள்.

இல்லை என்றேன்.

அக்டோபர் 3, வியாழன்

கழுத்து ஸ்கேனில் மாட்டிக்கொண்டது. இடது பக்கம், கீழே, மொச்சைக் கொட்டை அளவு. எலும்பையும் படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் இரண்டு இடத்தில் நசுங்கியிருக்கிறது. அதனால்தான் குள்ளமாகிவிட்டேனாம், கூன் விழுந்திருக்கிறதாம்.

அந்த நர்ஸ் வந்திருந்தாள். உயரம் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

நாளைக்கு ஆபரேஷன். பயமாக இருக்கிறது. கழுத்தை அறுப்பார்கள் என்பது மட்டுமல்ல. மாராத்தாள் சாயந்தரம் பூவும் விபூதியும் கொண்டுவந்தாள். அந்தம்மா மறுபடி வந்தால் தண்ணீர் எடுத்து வை, விரட்டாதே என்று சொன்னேன். சரிங்க என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

அக்டோபர் 10, வியாழன்

எடுத்துவிட்டார்கள். எடுத்த கொஞ்ச நேரத்திலேயே ஹார்மோன் சரசரவென்று இறங்கிவிட்டதாம். குரல் கம்மியிருக்கிறது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது. எலும்பெல்லாம் கால்சியத்தை வாங்கிக்கொள்கிறது, அதனால்தான் என்கிறார்கள். இப்போது கால்சியம் மாத்திரை போடச் சொல்கிறார்கள். வேடிக்கைதான்.

பாட்டிலில் தண்ணீர் வைத்தது வைத்தபடி இருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

ஹாஸ்டல். கீர்த்தனா வாசலில் கோலம் போட்டிருந்தாள், கோணல் மாணலாக. பொன்னுசாமி அண்ணன் ஆப்பிள் அனுப்பியிருந்தார். வேலையைப் பற்றி ஒன்றும் எடுக்கவில்லை, ரூம் அப்படியே இருக்கட்டும், உடம்பைப் பாருங்கள் என்று போனில் சொன்னார். என் சாவிக்கொத்து ஆணியில் அப்படியே தொங்கியது. தொட்டுப் பார்த்தேன்.

மதியம் படுத்தேன். தூக்கம் வரவில்லை. தலைக்குள்ளே யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது மாதிரி ஒரே வெளிச்சம். ஜக் நிறைய இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

எல்லோரும் போனபிறகு ஆபீஸ் ரூமில் கேமராவைப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் மதியம். வராந்தாவில் அவள் வருகிறாள். கூன். நார் மாதிரி முடி. குடித்துவிட்டுச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் போகிறாள். கடைசிக் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பும்போது, யாரோ கூப்பிட்ட மாதிரி ஒரு தடவை நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

நிறுத்திவிட்டேன். அந்த முகத்தை எழுத மாட்டேன்.

சமையல் கட்டுக்குப் போனேன். மாராத்தாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தம்மா இப்போது வருகிறாளா என்று கேட்டேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"இல்லீங்க. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன நாள்ல இருந்து வர்லீங்க."

கடைசியாக வந்தபோது ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். கத்தி நின்றது. ஒரு அவரைக்காயைக் கையில் வைத்து நாரை உரித்துக்கொண்டே இருந்தாள். நார் தீர்ந்தபிறகும் உரித்தாள்.

"என்ற கையைப் புடிச்சுக்கிட்டாங்க. 'நான் வந்துட்டுப் போறதை வார்டன்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. அவ பயந்துக்குவா'ன்னாங்க."

நான் அரிவாள்மணையை இழுத்துப்போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மிச்ச அவரைக்காயை இரண்டு பேருமாக நறுக்கி முடித்தோம்.

அக்டோபர் 18, வெள்ளி

ஐப்பசி பிறந்துவிட்டது. ஹாஸ்டலில் ஆம்லெட் வாசம். ஷோபா போன் செய்தாள், புது டப்பா வந்திருக்கிறதாம். வேண்டாம் என்றேன். கொண்டை போடவில்லை. எலிவாலோடுதான் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். ஒருத்தியும் தலையைக் குனியவில்லை.

மதியம் சாப்பிட்டபிறகு விக்கல் எடுத்தது. ஜக்கிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். நான்தான் குடித்தேன்.